கடாரம் கொண்டானின் பேரர்களும் கல்லறையற்ற பாட்டன்களும்

தென்கிழக்காசிய நாடுகளுக்குப் போய்த் திரும்பும் நம்மவர்கள் எழுதும் பயணக் கட்டுரையை, முதல் பத்தியைப் படித்துவிட்டே முடிவுவரை சொல்லிவிடலாம். ஒரு பழங்கோயில் வரும். அதன் முன் நிற்கையில் எழுத்தாளருக்கு மெய்சிலிர்க்கும். உடனே ராஜேந்திர சோழன் வருவான். அவனோடு கப்பலும் யானையும் புலிக்கொடியும் வரும். இம்மண்ணை ஆண்ட பரம்பரையின் வழித்தோன்றல் நான் என்ற பொருளில் ஒரு வரி தவறாமல் வரும். அந்தக் கோயிலைக் கட்டியவன் யார், அவன் பேசிய மொழி எது, அவனுடைய பேரன் இன்று அதே கோயில் வாசலில் என்ன விற்றுக்கொண்டிருக்கிறான் என்பவை மட்டும் வரா. இத்தகைய எழுத்துக்கு எதிராக ஒருமுறையாவது வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

பிறர்மீது கல்லெறியும் முன் நம் கையிலுள்ள அழுக்கையும் காட்டிவிடுவது முறை. பட்டினப்பாலை நடத்தும் வகுப்பில், புகாருக்குக் காழகத்துப் பொருள்கள் வந்திறங்கிய செய்தியைச் சொல்லி, உரையாசிரியர் அதைக் கடாரம் என்று காட்டியிருப்பதையும் சொல்லி, அப்படியே ஒரு தாவலில் ‘அங்கோர்வாட் கோயிலைக் கட்டியவனும் தமிழ் மன்னன்தான்’ என்று நாம் பல ஆண்டுகள் முழங்கியிருக்கிறோம். எந்த நூலில் அப்படி இருக்கிறது என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் விடை இருந்திருக்காது. யாரோ மேடையில் சொன்னது, சொன்னபோது கைதட்டல் கிடைத்தது, நமக்கும் கிடைத்தது. ஆசிரியத் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை என்று இப்போது தோன்றுகிறது.

2019ஆம் ஆண்டு மே மாதம், கோடை விடுமுறையில், வரலாற்றுத் துறை நண்பரும் நாமும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு கிளம்பினோம். கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, இருபத்திரண்டு நாள்கள். சுற்றுலா நிறுவனம் கிடையாது, வழிகாட்டி கிடையாது, பேருந்து, படகு, ரயில், விடுதியில் அடுக்குக் கட்டில். இருபது வயது வெள்ளைக்காரப் பிள்ளைகள் கீழ்க்கட்டிலைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் வலியுள்ள இரு தமிழாசிரியர்கள் ஏணியேறி மேலே படுத்துக்கொண்ட காட்சி யாருக்கும் சிரிப்பை வரவழைக்கும். நண்பர் சுத்த சைவர். மீன் சாறு சேராத கறி அந்நாடுகளில் அரிது என்பதை மூன்றாம் நாளே அறிந்துகொண்டு, வெறுஞ்சோறும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளினார். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் கடல்கடந்த ஊர்ப்பட்டியல் முழுவதையும் மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர் அவர். பசித்தபோதெல்லாம் அதைச் சொன்னார்.

சியெம் ரீப் நகரில் எங்களுக்கு வண்டியோட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஏறக்குறைய சமம் என்பதால் பேச்சு நன்றாகவே நடந்தது. அங்கோர்வாட்டின் மேற்கு வாசலில் இறங்கியதும் நண்பர் கோபுரங்களைச் சுட்டிக்காட்டி, இதைக் கட்டியவர்கள் எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் என்று அவரிடம் சொன்னார். வண்டிக்காரர் மறுக்கவில்லை. சிரித்தார். மறுநாள் பேச்சுவாக்கில், தாம் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது கெமர் ரூஜ் படையினர் தம்மைத் தாயிடமிருந்து பிரித்துக் கால்வாய் வெட்டும் இடத்தில் மண் சுமக்க வைத்தார்கள் என்றும், தந்தையை ஒரு மாலையில் அழைத்துப்போனார்கள் என்றும் சொன்னார். பிறகு, சிறிது நேரம் கழித்து, இந்தக் கோயில் ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியது என்றார். முதல்நாள் நண்பர் சொன்னதற்கான விடை அது என்று எங்களுக்கு விளங்க இரவாயிற்று.

உண்மை என்ன? அங்கோர்வாட் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் எடுத்த திருமால் கோயில். அம்மன்னர்களின் கல்வெட்டுகள் வடமொழியிலும் பழங்கெமர் மொழியிலும் உள்ளன. கற்கள் குலென் மலையிலிருந்து நீர்வழியே வந்தவை. ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு ஸ்ரீவிஜயத்தின் மீது நடந்தது. அந்தப் பட்டியலில் கம்போடியாவே இல்லை. படையெடுத்த இடங்களிலும் நிலையான சோழ ஆட்சி ஏற்பட்டதற்குச் சான்றில்லை. ‘வர்மன்’ என்ற பின்னொட்டைக் கண்டதும் அவன் பல்லவன், பல்லவன் என்றால் தமிழன் என்று கணக்குப் போடுவது ஆராய்ச்சி ஆகாது. இந்தக் கணக்கின்படி பார்த்தால் ‘சிங்’ என்று முடியும் பெயருடையவர் அனைவரும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

இதில் பெரிய அவமானம் ஒன்றுண்டு. 1860இல் அங்கோருக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூவோ, இத்தகைய மாபெரும் கட்டடத்தையும் அப்போது அங்கே வாழ்ந்த மக்களையும் ஒப்பிட்டு, அம்மக்களைக் காட்டுமிராண்டி நிலையில் மூழ்கியவர்கள் என்று எழுதினார். அப்பேச்சைக் காலனியக் கண்ணோட்டம் என்று கருத்தரங்குகளில் நாம் கண்டிக்கிறோம். அதே வேலையைத் தமிழில் செய்தால் மட்டும் அதற்கு இனமானம் என்று பெயர். ‘உங்களால் இதைக் கட்டியிருக்க முடியாது, எங்களவர் வந்து கட்டிக் கொடுத்தார்கள்’ என்பதுதானே அந்தப் பெருமிதத்தின் உட்பொருள்? நம் தஞ்சைப் பெரிய கோயிலை வேற்று நாட்டான் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, இது எங்கள் பாட்டன் கட்டியது என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

பழம்பெருமை தனியே எவருக்கும் தீங்கு செய்யாது என்பவர்களுக்குக் கம்போடியாவே பாடம். போல் போட் ஆட்சியின் கொடியிலும் அங்கோரின் கோபுரங்கள் இருந்தன. அங்கோரைக் கட்டிய இனத்தால் எதுவும் முடியும் என்பது அவ்வாட்சியின் முழக்கங்களுள் ஒன்று. அந்த முழக்கத்தின் நிழலில்தான் பட்டினி கிடந்தவர்கள் கால்வாய் வெட்டினார்கள். 1975 முதல் 1979 வரை இறந்தவர்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர். பள்ளிக்கூடமாக இருந்து சிறையாக மாறிய துவோல் ஸ்லெங்கின் வகுப்பறைகளில், கரும்பலகைக்கு எதிரே இரும்புக் கட்டில் கிடக்கிறது. இரண்டு ஆசிரியர்கள் அங்கே நின்று என்ன பேசிக்கொள்ள முடியும்? நண்பர் அன்று ஊர்ப்பட்டியல் சொல்லவில்லை.

‘அப்படியானால் தமிழருக்கும் அந்நாடுகளுக்கும் தொடர்பே இல்லையா?’ என்று கேட்பார்கள். உண்டு; நம் கட்டுரையாளர்கள் கற்பனை செய்வதைக் காட்டிலும் நல்ல தொடர்பு உண்டு. காம்போச மன்னன் ராஜேந்திரனுக்குத் தேர் ஒன்றை அனுப்பிவைத்த செய்தியைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதற் குலோத்துங்கன் காலத்தில் காம்போச மன்னன் அளித்த கல்லொன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அதாவது, நட்பு நாடிய இரு அரசுகள். கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்து மரபிலிருந்து கிளைத்தது. எழுத்தைக் கடன் வாங்கியவன் தன் மொழியைத் தானே எழுதிக்கொண்டான். தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளம் தோண்டி அதற்கு அவனி நாரணம் என்று பெயரிட்டு, மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விட்டதைக் கூறுகிறது. பிழைக்கப் போன வணிகர்கள் முதலில் செய்த காரியம் குளம் வெட்டியது. அதே நாட்டின் குளோங் தோமில் உள்ள சிறு அருங்காட்சியகத்தில், 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரைகல் ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கல்லில் தமிழ்ப் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது. பொற்கொல்லரைப் பத்தர் என்று அழைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டல்லவா? அந்தப் பத்தர் யாரையும் வெல்லப் போகவில்லை. தன் தொழிற்கருவியில் தன் பெயரை எழுதிவைத்துக்கொண்டு, கடல் கடந்து பொன்னை உரைத்துப் பார்த்தார். நம் பயணக் கட்டுரைகளில் இவரைக் கண்டவர் உண்டா?

பயண எழுத்துக்கு முன்மாதிரி இல்லை என்றும் சொல்ல முடியாது. 1296இல் சீனத் தூதுக் குழுவோடு அங்கோருக்கு வந்து ஓராண்டளவு தங்கிய சூ தாகுவான், தாம் கண்டதை எழுதி வைத்தார். சந்தையில் வாணிகம் செய்பவர்கள் பெண்களே என்பது முதல் மக்கள் எப்படிக் குளிக்கிறார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. அவருக்கும் தம் நாட்டைப் பற்றிய பெருமையும் பிறரைப் பற்றிய இளக்காரமும் உண்டு; ஆயினும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். பாயோன் கோயிலின் சுவர்ச் சிற்பங்களில் சமையல் நடக்கிறது, சேவற்சண்டை நடக்கிறது, ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் நடக்கிறது. அதே மன்னன் ஏழாம் ஜெயவர்மன் காலத்தில் நாடெங்கும் 102 மருத்துவச் சாலைகள் இருந்ததைத் தா புரோம் கல்வெட்டு சொல்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் புலிக்கொடியைத் தேடுகிறவனுக்கு மூன்று நாள் நுழைவுச் சீட்டுக்கு 62 டாலர் கொடுப்பது வீண் செலவு. தமிழில் தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து காவிரிக் கரையோடு பயணம் செய்து எழுதிய நூல் நம்மிடம் இருக்கிறது, ஏ. கே. செட்டியார் இருக்கிறார். இந்த மரபிலிருந்து நாம் எங்கே வந்து விழுந்திருக்கிறோம்?

லாவோஸ் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. ‘அங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்று கிளம்பும் முன் எங்களிடமே பலர் கேட்டார்கள். சோழன் போகாத ஊர் என்பதே அதன் பொருள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அச்சிறு நாட்டின்மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைப் போட்டன. அவற்றிலிருந்து சிதறிய சிறு குண்டுகளில் கோடிக்கணக்கானவை வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்டன. வியந்தியனில், செயற்கைக் கால்கள் செய்து தரும் மையத்தின் காட்சிக்கூடத்தில், உழவர்கள் மரத்திலும் தகரத்திலும் தாங்களே செய்துகொண்ட பழைய கால்கள் தொங்குகின்றன. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்களும் அவற்றை அணிந்திருக்கிறார்கள். நம் பழங்கவிதையில் போர்க்களமும் உண்டு, உழுகளமும் உண்டு. ஒன்றை மற்றொன்றாக உருவகிக்கும் மரபும் உண்டு. அங்கே அது உருவகமாக இல்லை.

மேக்கோங்கைக் கடந்து இரவு ரயிலில் பாங்காக் வந்து, தொன்புரி நிலையத்தில் நூறு பாட் சீட்டெடுத்துக் காஞ்சனபுரி சேர்ந்தோம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையின் மிச்சம் அது. ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை. 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அதில் உழைத்தார்கள். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே அவர்களின் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது, பலவற்றில் வீட்டார் எழுதிய ஒரு வரி. புல்லைச் சீராக வெட்டி, ஒவ்வொரு கல்லின் அடியிலும் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு ஏதுமில்லை. இறந்தவரை அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000 பேருக்கு மேல் என்பது மதிப்பீடு. இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000. பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார் ஆகியோரோடு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். அவர்களுக்கு அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை, பெயர்ப் பட்டியல் வைத்திருக்க ஓர் எழுத்தர் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். 1990இல் காஞ்சனபுரியின் கரும்புக் கொல்லை ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. உலகம் இந்தப் பாதையை அறிந்தது 1957இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தால். இலங்கையில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் கதையில் தோட்டத் தொழிலாளிக்கு இடமில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நண்பர் ஒவ்வொரு வரிசையாக நடந்தார். எதைத் தேடுகிறீர்கள் சார் என்று கேட்டோம். உடனே பதில் சொல்லவில்லை. மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். அவருடைய தாத்தாவின் அண்ணன் 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவர். கெடா மாநிலத்தில் ரப்பர்த் தோட்டம். போருக்கு முன்புவரை பணமும் கடிதமும் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் பெயர் என்ன என்று கேட்டோம். நண்பருக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கும் தெரியவில்லை, ‘மலாயாத் தாத்தா’ என்றுதான் வீட்டில் சொல்வார்களாம். அவர் இந்த ரயில் பாதைக்குத்தான் வந்தார் என்பதற்கும் சான்றில்லை. வரவில்லை என்பதற்கும் இல்லை. கெடாதான் கடாரம். ஆயிரம் ஆண்டுக்கு முன் அவ்வூரைக் கொண்டவனின் பெயரும் பட்டங்களும் நண்பருக்குத் தலைகீழ்ப் பாடம். அதே ஊரில் பால் வெட்டிய சொந்தப் பாட்டனின் பெயர் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. ‘என் வீட்டுக் கல்வெட்டை நானே அழியவிட்டுவிட்டேன் சார்’ என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

நாம் சொல்ல வந்தது இதுதான். பிறர் கட்டிய கோயிலில் நம் மன்னனின் முகத்தைத் தேடுகிறவன் இரு தரப்புக்குத் துரோகம் செய்கிறான். கட்டியவனின் பிள்ளைகளிடமிருந்து அவர்களிடம் மிஞ்சியதையும் பறிக்கிறான். உண்மையாகவே நமக்குரிய இறந்தவர்களைக் கால்தூசியாக மிதித்துக்கொண்டு அந்த வழியே போகிறான். காஞ்சனபுரிப் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்ட எத்தனையோ தமிழர்களின் கட்டுரைகளைப் படித்திருக்கிறோம். ஆங்கிலப் படம் வருகிறது. நதியின் அழகு வருகிறது. வாங்கிய பனியனின் விலைகூட வருகிறது. தமிழன் செத்த செய்தி வருவதில்லை. வென்றவனைப் பாட்டன் என்போம், செத்தவனைக் கூலி என்போம் என்றால், அந்தப் பெருமிதத்துக்கு இனப்பற்று என்று பெயரிட நமக்கு நாக்கூசுகிறது.

இலக்கியம் இவர்களை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. மலேசியாவின் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றே ஒரு நாவல் எழுதினார். போர்க்காலத் தென்கிழக்காசியத் தமிழரைப் ப. சிங்காரம் எழுதினார். ஆனால் நம் கல்லூரிகளில் தமிழ் முதுகலை படித்து வெளிவருகிறவர்களில் முன்னதைக் கையால் தொட்டவர்கள் எத்தனை பேர்? நம் வகுப்பில் 2019 வரை ஒருவரும் இல்லை. தொடச் சொல்லாதவர் நாம். 2023இல், மலேசியத் தமிழர் சிலரின் விடாமுயற்சியால், காஞ்சனபுரியின் பௌத்த ஆலயம் ஒன்றில் அத்தொழிலாளர்களுக்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து. நடுகல் பற்றித் தொல்காப்பியத்திலிருந்து தொடங்கி இரண்டு மணி நேரம் பேசக்கூடிய நம்மைப் போன்றோர் அந்தக் கல்லுக்கு ஒரு செங்கல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆகவே, அடுத்து அப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கோரைப் பாருங்கள், அதைக் கெமர் மக்களுடையதாகவே பாருங்கள். வியப்புக்குக் குறைவு வராது. குளோங் தோமுக்குப் போய் அந்தப் பத்தரின் உரைகல்லைப் பாருங்கள். காஞ்சனபுரியில் ஒரு நாளாவது தங்கி அந்த நடுகல்லைத் தேடிப் போங்கள். புறப்படும் முன், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பாதவர் யாரேனும் உண்டா என்று கேட்டு, பெயர் தெரிந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதுகலை மாணவர்கள் இப்போது விடுமுறையில் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். முதல் ஆண்டில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் பதினேழு பெயர்கள் சேர்ந்தன. நண்பரின் மலாயாத் தாத்தா பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அவருக்காக முதல் வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.